தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

1829-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு புதுமையான சிறை திறக்கப்பட்டது. பெயர், ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரி. அது உருவாகத் தூண்டுகோலாக இருந்தவர்களில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் முக்கியமானவர்கள். அடியும் கசையும் மனிதனைத் திருத்தாது, தனியே உட்காரவைத்தால் மனசாட்சி தானாகப் பேசும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். ஆளுக்கு ஓர் அறை. கூரையில் வெளிச்சம் விழ ஒரு சிறு திறப்பு. படிக்க பைபிள். அறையை ஒட்டி மதில் சூழ்ந்த சின்ன முற்றம். சாப்பாடு ஒரு துவாரத்தின் வழியே வரும். கைதியை வெளியே அழைத்துப் போக நேர்ந்தால் முகத்தை மூடிவிடுவார்கள். அவர் யாரையும் பார்க்கக் கூடாது, அவரையும் யாரும் பார்க்கக் கூடாது.

எண்ணம் நல்லதுதான், ஆனால் விளைவு வேறாக இருந்தது. 1842-ல் அந்தச் சிறையைச் சுற்றிப் பார்த்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிடக் கொடிய தண்டனை இது என்று தன் பயண நூலில் சாடினார். கைதிகளுக்குப் புத்தி பேதலிக்கிறது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. 1913-ல் அந்தத் தனியறை முறை கைவிடப்பட்டது. அதற்குள் பல நாடுகள் அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிறைகளைக் கட்டி முடித்திருந்தன.

அந்தச் சிறை திறந்த அதே நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், 1899-ல், திருவண்ணாமலையின் மலைச்சரிவில் உள்ள விரூபாட்ச குகையில் ஓர் இளைஞர் குடியேறினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. திருச்சுழியில் பிறந்து, மதுரையில் படித்துக்கொண்டிருந்தவர், 1896-ல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி அந்த ஊருக்கு வந்தார். ரமண மகரிஷி என்று பின்னாளில் உலகம் அறிந்த வேங்கடராமன்தான் அவர். சுமார் 17 ஆண்டுகள் அந்தக் குகையே அவருக்கு வீடு. அவரைப் பார்க்கப் போனவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் பலவும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: எதிலும் குறை காணாத ஒரு நிறைவு.

இரண்டுமே கல்லால் சூழப்பட்ட இடங்கள். பிலடெல்பியா அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. விரூபாட்ச குகையில் இருந்தவரோ நினைத்த நிமிடம் எழுந்து நடந்திருக்கலாம். தனியாக இருந்தால் மனிதனுக்குத் தன்னோடு சமாதானம் உண்டாகுமா என்ற கேள்விக்கு ஆமென்றும் இல்லையென்றும் பல நூற்றாண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உளவியலாளர்கள் இதைச் சோதனைக்கூடத்துக்கும் நாட்குறிப்புக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களுடைய முடிவுகளையும் தனியே வாழ்ந்தவர்களின் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பதில் பெரும்பாலும் அந்தத் தாழ்ப்பாளைச் சுற்றியே வருகிறது.

காலி அறையில் பதினைந்து நிமிடம்

இத்துறையில் அதிகம் பேசப்பட்ட சோதனை 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமதி வில்சனும் குழுவினரும் மாணவர்களை ஒரு காலி அறையில் உட்காரவைத்தார்கள். கைப்பேசி, புத்தகம், பேனா எதுவும் கிடையாது. 6 முதல் 15 நிமிடம் வரை சும்மா எதையாவது நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பலருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஒரு சுற்றில், அழுத்தினால் மின்னதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார்கள். அந்த அதிர்ச்சி எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு முன்பே காட்டியாகிவிட்டது. 'காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்' என்று சொன்னவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அப்படியிருந்தும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் பொத்தானை அழுத்தினார்கள். ஒருவர் 190 முறை அழுத்தினார்.

மனிதனால் தன்னோடு இருக்கவே முடியாது என்பதற்கு இது அத்தாட்சி என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பங்கேற்றவர்களில் பலர் அந்த நேரத்துக்கு நடுத்தர மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறார்கள், வெறுத்தார்கள் என்று சொல்வது மிகை என்று மறுத்தார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த மாணவர்கள் தனிமையைத் தேடிப் போகவில்லை. அவர்களை வேறொருவர் உட்காரவைத்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018-ல், துய்-வி நியூயென், ரிச்சர்ட் ரயன், எட்வர்ட் டெசி மூவரும் இதே பதினைந்து நிமிடத்தை வேறு கோணத்தில் ஆராய்ந்தார்கள். தனியே உட்கார்ந்தவர்களின் மனநிலையை முன்னும் பின்னும் அளந்தபோது, உணர்ச்சிகளின் வேகம் தணிந்திருந்தது. குறைந்தது கோபமும் பதற்றமும் மட்டும் இல்லை. உற்சாகமும் துள்ளலும்கூடக் குறைந்தன. அந்தத் தணிவு சிலருக்கு அமைதியாக அமைந்தது, சிலருக்குச் சலிப்பாகவும் வெறுமையாகவும் அமைந்தது. எதை நினைப்பது என்ற தேர்வு தங்கள் கையில் இருந்தவர்களுக்கும், தனியே இருப்பதைத் தாங்களே விரும்பி ஏற்றவர்களுக்கும் அது இளைப்பாறலாக ஆனது.

தனிமை எந்த உணர்ச்சியையும் புதிதாகக் கொண்டுவந்து கொட்டுவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அது இரைச்சலைக் குறைக்கிறது. குறைந்த பிறகு கேட்பது அவரவர் உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேச்சு. சிலருக்கு அந்தப் பேச்சு இதமாக இருக்கிறது, பலருக்கு இல்லை.

நாலு பேரை எங்கே விடுவது?

தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளை என்ன படிக்கலாம், என்ன உடுத்தலாம், எப்போது கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுப்பதில் அப்பா அம்மாவுக்கு நிகராக இன்னொரு தரப்புக்கும் பங்கு உண்டு. அந்தத் தரப்பின் பெயர் 'நாலு பேர்'. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், அன்றாட வாழ்வில் மனிதர்கள் தங்களை எப்படி முன்வைக்கிறார்கள் என்பதை 1950-களில் ஒரு நூலாக எழுதினார். பிறர் முன்னால் நடந்துகொள்வதை மேடைக்கும், ஆளில்லாத இடத்தை மேடைக்குப் பின்புறத்துக்கும் ஒப்பிட்டார். பின்புறத்தில் வேஷத்தைக் கலைக்கலாம், தோளைத் தளர்த்தலாம், அடுத்த காட்சிக்குத் தயாராகலாம். நாள் முழுக்க மருமகளாக, மேலாளராக, ஆசிரியராக, மூத்த மகனாக இருப்பவருக்கு, எந்தப் பட்டமும் இல்லாமல் அரைமணி நேரம் இருக்க வாய்ப்பது அந்தப் பின்புறத்தில்தான்.

சிக்கல் என்னவென்றால், கதவைச் சாத்தினாலும் நாலு பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். மனம் சோர்ந்திருக்கும்போது 'எனக்கு மட்டும் ஏன் இப்படி, அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினேன்' என்று ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப அசைபோடுபவர்களுக்கு அந்தச் சோர்வு நீடிக்கிறது, ஆழமாகிறது என்று அவர் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் அவர்களும் தனியே அமர்ந்து தங்களைப் பற்றி யோசிப்பவர்கள்தான். உள்ளே நடப்பது யோசனையாக இல்லாமல் விசாரணையாக இருக்கிறது. நீதிபதியும் அவரே, குற்றவாளியும் அவரே.

தன்னை ஏற்றுக்கொள்வது பற்றிய ஆய்வில் கிறிஸ்டின் நெஃப் என்ற பெயர் முக்கியமானது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் 2003-ல், தன்மீது தானே காட்டும் பரிவை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று கூறுகள் உண்டு. தன்னைத் திட்டாமல் கனிவாக நடத்துவது ஒன்று. வருத்தத்தை மறைக்காமலும் பெரிதுபடுத்தாமலும் உள்ளபடி பார்ப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் இங்கே ஆர்வமூட்டுவது: தவறும் தோல்வியும் மனிதர்கள் எல்லோருக்கும் பொதுவானவை என்ற உணர்வு. அதற்கு நேர் எதிராக அவர் வைப்பது 'நான் மட்டும்தான் இப்படி' என்ற ஒதுங்கல். அப்படியானால் தன்னை ஏற்கத் தனியே போகிறவர், பிறரைப் பற்றிய ஓர் அறிவையும் கூடவே எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் அறையில் மிஞ்சுவது விசாரணை மட்டுமே.

அந்த விசாரணையிலிருந்து வெளியேறச் சோதித்துப் பார்த்த வழிகள் சில உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தனியே அமர்ந்து எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதினார்கள், மற்றவர்கள் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதினார்கள். மனப்புண்ணைக் கிளறியவர்களுக்கு அன்றைக்கு அழுகையும் படபடப்பும்தான் மிச்சம். ஆனால் நடந்ததையும் அதன் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்துவந்த மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. மனதுக்குள் வட்டமடிக்கும் ஒன்று தாளில் இறங்கும்போது அதற்கு முதலும் முடிவும் வந்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

நடையும் அப்படித்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், மரங்கள் நிறைந்த பாதையில் 90 நிமிடம் தனியே நடந்தவர்கள் அசைபோடுவது குறைந்ததாகச் சொன்னார்கள். மூளைப் படங்களும் அதற்கு ஒத்திருந்தன. வண்டிகள் இரையும் நெடுஞ்சாலை ஓரம் அதே 90 நிமிடம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

தானே போட்ட தாழ்

உள்முக சுபாவம் உள்ளவர்களுக்குத்தான் தனிமை ஒத்துவரும் என்பது பொதுவான நம்பிக்கை. நியூயென், நெட்டா வைன்ஸ்டீன் உள்ளிட்டோர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. தனிமையை விரும்பி ஏற்று அதன் பயனை அடைகிறவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது உள்முகக் குணம் இல்லை. தன் செயல்களைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் இயல்புதான் அது. நாலு பேரோடு கலகலப்பாகப் பேசுகிறவரும் தனியே நிறைவாக இருக்கலாம், வாயே திறக்காதவர் தனியே துடித்துப்போகலாம்.

வர்ஜீனியா தாமஸ், மார்கரிட்டா அஸ்மிட்டியா இருவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் இளம் வயதினரிடம் 'ஏன் தனியாக இருக்கிறாய்?' என்று துருவினார்கள். காரணங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. படிக்க, வரைய, யோசிக்க, அமைதிக்காகத் தனியே போனவர்கள் ஒரு பக்கம். கூட்டத்தில் சங்கடம், யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, பேசிவிட்டுப் பிறகு வருந்த நேர்கிறது என்று ஒதுங்கியவர்கள் மறுபக்கம். சோர்வும் தனித்துவிடப்பட்ட உணர்வும் இரண்டாம் பக்கத்தில்தான் அதிகம் தென்பட்டன. முதல் பக்கத்தினரிடம் அப்படி ஒரு பாதிப்பும் இல்லை.

வைன்ஸ்டீன் குழுவினர் 2023-ல் இன்னும் நேரடியான கேள்வியோடு இறங்கினார்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியாக இருப்பது சரி? நடுவயதும் அதற்கு மேலும் ஆன 178 பேர் 21 நாள் தொடர்ந்து குறிப்பு எழுதினார்கள். இத்தனை மணி என்ற ஒரு மாய எண் கிடைக்கவில்லை. அதிக நேரம் தனியாக இருந்த நாட்களில் மன அழுத்தம் குறைந்தது, தன் போக்கில் இருக்கிறோம் என்ற உணர்வு கூடியது. கூடவே, ஒண்டியாக இருக்கும் ஏக்கமும் கூடியது, அந்த நாள்மீதான திருப்தி குறைந்தது. தானே விரும்பித் தனித்திருந்த நாட்களில் இந்தப் பாதகங்கள் குறைந்தன அல்லது இல்லாமலே போயின.

எண்களாகப் படித்ததை ஒரு வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் எழுத்தாளர் சல்மாவின் கதை இருக்கிறது. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த அவர், ஊர் வழக்கப்படி, பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் அடைப்பு தொடர்ந்தது. அவர் எழுதுவது புகுந்த வீட்டுக்குப் பிடிக்கவில்லை. இரவில் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எழுதினார். எழுதிய தாள்கள் ரகசியமாகத் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்ற அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 2000-த்தில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. சல்மா என்பதே யாருக்கும் தெரியாமல் இருக்க வைத்துக்கொண்ட புனைபெயர்தான்.

ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவருக்கு ஏற்கெனவே தனிமைதானே என்று தோன்றலாம். அந்த வீட்டில் அவர்மேல் படாத கண் இல்லை. அடைப்பு இருந்தது, தனிமை இல்லை. வீடு முழுவதும் தாழ்ப்பாள் மற்றவர்கள் கையில் இருக்க, கழிப்பறையில் மட்டும் அது அவருடைய கையில் இருந்தது. அங்கேதான் அவர் எழுத்தாளர் ஆனார்.

அடைப்பின் தீங்கைச் சட்டம் வெகுநாட்களுக்கு முன்பே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நீதிமன்றம் தனிச்சிறை விதித்தாலும் அது மொத்தம் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் போகக் கூடாது என்றது இந்தியத் தண்டனைச் சட்டம். 2024-ல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த வரம்பு தொடர்கிறது. மரண தண்டனை பெற்றவர் என்பதற்காகவே சிறை அதிகாரிகள் ஒருவரைத் தனிச்சிறையில் தள்ள முடியாது என்று சுனில் பத்ரா வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், 15 நாளைத் தாண்டிய தனிச்சிறையைத் தடை செய்கின்றன.

குகைக்குப் போனவர்களும் அடுப்பும்

நீண்ட தனிமையைத் தாங்களே தேடிப்போனவர்களின் வரலாறு சுவாரசியமானது. அவர்களில் பலர் நாம் நினைக்கும் அளவுக்குத் தனியாக இருக்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரைக் குடிசைக்குக் குடிபோனார். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கே இருந்தார். குளம் அவருடைய கான்கார்ட் ஊரிலிருந்து நடைதூரம். அடிக்கடி ஊருக்குப் போய்வந்தார், வீட்டிலும் சாப்பிட்டார், குடிசைக்கு விருந்தாளிகளும் வந்தார்கள். இதைச் சொல்லி அவரைக் கேலி செய்வது இன்றைக்கும் வழக்கம். அவர் காட்டுவாசி ஆகப் போகவில்லை, எழுதப் போனார் என்பது கேலி செய்பவர்களுக்கு மறந்துவிடுகிறது.

டென்சின் பால்மோவின் தனிமை வேறு ரகம். 1943-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர் திபெத்திய பௌத்தத் துறவியாகி, 1976-ல் இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பகுதியில் 13,200 அடி உயரத்தில் உள்ள ஒரு குகைக்குப் போனார். 12 ஆண்டுகள் அங்கே இருந்தார். கடைசி மூன்று ஆண்டுகள் யாரையும் பார்க்காத கடுந்தவம். கோடையில் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் பயிரிட்டார். மற்ற பொருட்கள் கீழே இருந்த கிராமத்திலிருந்து வந்தன. படுக்கை கிடையாது, ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே தூக்கம். ஒருமுறை பனி சரிந்து குகை வாசலே மூடிவிட்டது. பாத்திரத்தின் மூடியால் பனியைத் தோண்டித் தோண்டி வழி செய்து வெளியே வந்தார். 1988-ல் தவத்தைக் கலைத்தது புலியோ பனியோ இல்லை. விசா காலாவதியாகிவிட்டது என்று சொல்லக் குகை வரை ஏறி வந்த போலீஸ் அதிகாரி. பின்னாளில் அவர் இமாசலத்திலேயே இளம் பெண் துறவிகளுக்காக டோங்யு கட்சல் லிங் என்ற மடத்தைத் தொடங்கி, அதற்கு நிதி திரட்ட ஊர் ஊராகச் சுற்றினார்.

ரமணரின் தொடக்க நாட்கள் கடுமையானவை. திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்மேல் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். அதற்குத் தப்பிப் பாதாள லிங்கச் சந்நிதிக்குள் போனார். அந்த இருட்டில் பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணாகி, மற்றவர்கள்தான் அவரை வெளியே தூக்கிவர வேண்டியிருந்தது. அந்த ஊரில் வாழ்ந்த துறவி சேஷாத்ரி சுவாமிகளும் இன்னும் சிலரும் பார்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தத் தனிமை உயிரோடு முடிந்திருக்குமா என்பதே சந்தேகம். குகையில் பழனிசாமி என்ற அன்பர் உடனிருந்து தொண்டு செய்தார். 1916-ல் தாய் அழகம்மாளும் வந்து தங்கிவிட்டார். இருப்பிடம் மேலே ஸ்கந்தாசிரமத்துக்கு மாறியது, அங்கே அடுப்பு மூட்டிச் சமையலும் தொடங்கியது. பிந்தைய ஆண்டுகளில், விடியலுக்கு முன்பே ஆசிரமச் சமையலறைக்கு வந்து காய் நறுக்கியவர்களில் ரமணரும் ஒருவர். வீட்டை விட்டு ஏகாந்தமாகப் போய்விடட்டுமா என்று கேட்டு வந்தவர்களை அவர் ஊக்கப்படுத்தியதில்லை. ஏகாந்தம் மனதில் இருக்கிறது, இடத்தில் இல்லை என்ற பொருளில்தான் பதில் சொன்னார்.

வடலூர் வள்ளலார் இன்னொரு சான்று. மேட்டுக்குப்பத்தில் தனித்து வாழ்ந்தவர் என்று நினைவுகூரப்படும் அவர்தான், 1867-ல் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறிடத் தருமசாலையைத் தொடங்கினார். அந்த அணையா அடுப்பு இன்னும் எரிகிறது.

இவர்கள் எல்லோருடைய தனிமைக்கும் ஒரு விளிம்பு இருந்தது. அந்த விளிம்பில் சாமான் கொண்டுவந்த கிராமத்தார், தாய், தொண்டர், பசித்து வந்தவர் என்று யாரோ ஒருவர் இருந்தார்.

பக்கத்து அறையில் ஒருவர்

பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாளருமான டொனால்ட் வினிகாட் 1958-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை, இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் திரும்பிப் போகும் இடம். தனியாக இருக்கும் திறன் பிறவியிலேயே வருவதில்லை, குழந்தைப் பருவத்தில் கற்பது என்றார் அவர். அதைக் கற்கும் விதம்தான் விசித்திரம்: தாய் அருகில் இருக்கும்போதே குழந்தை தனியாக இருக்கக் கற்கிறது. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இரண்டு வயதுப் பேத்தி சற்றுத் தள்ளி டபரா மூடிகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறாள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. குழந்தை அவ்வப்போது நிமிர்ந்து பார்க்கிறாள், ஆச்சி இருக்கிறார் என்று தெரிந்ததும் மறுபடி மூடிகளில் மூழ்குகிறாள். எதையும் செய்து காட்டாமலே, யாரையும் சிரிக்கவைக்காமலே, நாம் இருப்பது போதும் என்பதை அவள் அங்கே பழகுகிறாள். அப்படிப் பழகிய மனம் வளர்ந்த பிறகு, ஆளில்லாத அறையிலும் பதறுவதில்லை என்பது வினிகாட்டின் கருத்து.

பத்து நாள் விபாசனா தியான முகாம்கள் கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டைப் பெரியவர்களுக்குச் செய்கின்றன. எஸ்.என். கோயங்கா 1969-ல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய இந்த முறைக்குச் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது. கைப்பேசியையும் புத்தகத்தையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். அதிகாலை 4 மணிக்கு மணியடிக்கும். பேச்சு கிடையாது, சைகையும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. கூடம் நிறைய ஆட்கள், அவரவர் தனியாக. சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நகர வேண்டும். 1994-ல், ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி சிறைத்துறைப் பொறுப்பில் இருந்தபோது, டெல்லியின் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் இந்தப் பயிற்சியில் அமர்ந்தார்கள். தாழ்ப்பாள் வெளியே இருக்கும் இடத்திலும் உள்ளே ஒன்றைப் பொருத்திக்கொள்ள முடியுமா என்று பார்த்த முயற்சி அது.

எல்லோருக்கும் இது மருந்தாவதில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முகாம்களைப் பரிந்துரைப்பதில்லை என்று மையங்களே சொல்கின்றன. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்திய பௌத்தத் தியானிகள் சுமார் 60 பேர் தங்களுக்கு நேர்ந்த சங்கடங்களை விவரித்தார்கள். அச்சம், தூக்கமின்மை, தான் யாரென்றே புரியாத குழப்பம் என்று பட்டியல் நீள்கிறது. மனக்காயம் ஆறாதவருக்கு, தூக்கமிழந்து தவிப்பவருக்கு, உயிரை விடும் எண்ணம் வருபவருக்குத் தேவைப்படுவது தனியறை இல்லை. ஒரு மருத்துவரும் உடன் இருக்க ஓர் ஆளும்தான்.

யாருக்குக் கிடைக்கிறது?

தனியே இருக்க நேரம் வேண்டும், இடம் வேண்டும். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1928-ல் கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளில் இதைத்தான் கணக்குப்போட்டுக் காட்டினார். எழுத நினைக்கும் பெண்ணுக்குச் சொந்த அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருமானமும் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இந்தியாவில் 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். டீக்கடை பெஞ்சில் தனியே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஆணை யாரும் ஏனென்று கேட்பதில்லை. அதே பெஞ்சில் ஒரு பெண் தனியே அரைமணி நேரம் உட்கார்ந்தால் கேள்வி வரும்.

வளரிளம் பருவத்தினர் நிலை இன்னொரு மாதிரி. உளவியலாளர் ரீட் லார்சன் 1990-களில் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட 500 பள்ளி மாணவர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று எழுதவைத்தார். தனியே இருந்த நேரங்களில் அவர்கள் அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. ஆனால் பதின்ம வயதை எட்டியவர்களில், ஓரளவு நேரம் தனியே கழித்தவர்கள் மனநலத்தில் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். எப்போதும் கூட்டத்திலேயே இருந்தவர்களும் எப்போதும் தனியே இருந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால்தான். பேஜர் காலம் முடிந்துவிட்டது. இன்றைக்குப் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும், நாலு பேர் நானூறு பேராகிக் கைப்பேசியில் கூடவே போகிறார்கள்.

மறுகோடியில் முதியவர்கள். 2021-ல் வைன்ஸ்டீன், நியூயென், ஹெதர் ஹேன்சன் மூவரும் வெவ்வேறு வயதினரிடம் தனிமை அனுபவங்களை எழுதி வாங்கியபோது, அமைதியை அதிகம் குறிப்பிட்டவர்கள் முதியவர்கள்தான். அதே முதுமையில்தான் தேர்ந்தெடுக்காத தனிமையும் வந்து சேர்கிறது. துணை போய்விடுகிறது, பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள், முழங்கால் படியிறங்க விடுவதில்லை. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒண்டியாக இருக்கிறோம் என்ற ஏக்கம் இறப்புக்கான வாய்ப்பை 26 சதவீதமும், சமூகத் தொடர்பு அறுந்திருப்பது 29 சதவீதமும் கூட்டுவது தெரிந்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் இந்த ஏக்கத்தில் இருக்கிறார் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2025 அறிக்கை. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்று அமைச்சர்களையே நியமித்தன. தனிமையின் பயனைப் பேசும் யாரும் இந்தக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது.

அரசுகளின் கவனம் பெரும்பாலும் தொடர்பற்றவர்களைச் சேர்த்துவைப்பதில்தான் இருக்கிறது. விரும்பித் தனியே இருக்க இடம் தருவதும் பொதுக்காரியம் என்பது இன்னும் பேச்சில் வரவில்லை. அதற்கு மிக அருகில் வருபவை பொது நூலகங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கே குவிகிறார்கள். 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. ஒற்றை அறை வீட்டில் நாலு பேரோடு வசிக்கும் பெண், யாருக்கும் பதில் சொல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார இப்படிப்பட்ட மேசையும் நாற்காலியும் வேண்டும். இங்கே எடுத்துச் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை. ஆளுக்கு ஓர் அறை உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்களே அவற்றில் அதிகம். கூட்டுக் குடும்பத்திலும் விடுதியிலும் வாழ்பவர்களிடம் இதே கேள்விகளோடு போகிறவர்கள், எத்தனை மணி நேரம் தனியாக இருந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், அப்படி இருக்க உங்களுக்கு எங்கே இடம் இருந்தது, அதற்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கும்.